ஜபாரின் முறை

சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோன விஷயம் இது. இனி யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதி வைக்காவிட்டால், கெவின் தன் பாட்டுக்கு வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டு திரிவான். அவன் சொன்னால் சனம் நம்பும். சிரித்துச் சிரித்துச் சொல்வான் அல்லவா.

என் பெயர் மெரினா. புத்தளம் டவுனில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருக்கிற சின்னக் கம்பனியில் புரோகிராம் எழுதுகிறேன். முதலாளி நஸீம் சேர், நான், கெவின், பிறகு ஒரு ஏசி. ஏசி வேலை செய்வதில்லை. அதற்கும் சேர்த்து நானும் கெவினும் செய்கிறோம். கெவின் சிலாபத்துப் பையன். கை வேகம், பேச்சு அதைவிட வேகம், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் கோபித்துக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் கரையில் இருக்கிற கரைவலைச் சங்கத்துக்கு நாங்கள் ஒரு புரோகிராம் செய்து கொடுத்தோம். எங்கள் கரை என்று நான் சொல்வது, எத்தாளையில் பஸ்ஸால் இறங்கி மேற்கே கடல் பக்கம் போனால் வருகிற கரை. படகில் கொண்டுபோய் வளைத்து, கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற பெரிய வலை; அங்கே வலைக்காரர் பலர். வலை வளைக்க வாய்ப்பான இடம் ஒன்றுதான். அதனால் ஒரு நாளைக்கு ஒருவருடைய வலை. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. போன வருஷம் இந்த முறையில் அடிபிடி வந்து, சிலர் ஆஸ்பத்திரிக்கும் சிலர் பொலிசுக்கும் போனார்கள். அதற்குப் பிறகு சங்கம் கூடி, மனுசன் பார்த்தால் பக்கம் சாய்வான், கொம்பியூட்டர் சாயாது என்று முடிவெடுத்தது. கொம்பியூட்டருக்கு எழுதிக் கொடுப்பதும் மனுசர்தானே.

வேலை பெரிய வேலை இல்லை. எங்கள் தொழிலில் வெளியே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் புரோகிராமுக்குள்ளே ஒரு ஒப்ஜெக்ட் செய்வோம். வலைக்கு ஒன்று, வலைக்காரருக்கு ஒன்று, முறைக்கு ஒன்று. அது தன் விவரத்தைத் தானே வைத்திருக்கும். முறையைப் பார்த்து 'கை மாறு' என்று சொன்னால் அது அடுத்த வலைக்குப் போய்விடும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டின் முறையை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த வலையின் ஆட்களே அதை வளைப்பார்கள். அவர்களால் முடியாவிட்டால் அன்றைக்குக் கரை சும்மா கிடக்கும். எங்களைப் போன்ற வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவருக்கு, முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை. முஸ்லிம் வீடென்றால் மனைவியின் இத்தா, அந்த நாலு மாதமும் பத்து நாளும், முடியும்வரை. அந்த மாதங்களில் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதும் இல்லை, வேற்று ஆண்களோடு முகம் பார்த்துப் பேசுவதும் இல்லை. இந்த வழக்கத்தை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த விதியைப் புரோகிராமில் எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் கெவினுக்கும் சண்டை. முறைக்குள்ளேயே வை என்றேன் நான். யார் வந்து 'கை மாறு' என்று சொன்னாலும், நான் துக்க வீட்டு முறை, மாற மாட்டேன் என்று அதுவே சொல்லட்டும் என்றேன். கெவினுக்கு அது வீண் வேலை. சங்கச் செயலாளர் பார்க்கிற திரையில் வைத்தால் போதும். அவர் 'துக்கம்' என்று டிக் போட்டால் முறையை மாற்றுகிற பட்டன் செத்துப்போகும், அழுத்த ஏலாது என்றான்.

"வாசல்ல காவல் வச்சாப் போதுந்தானே அக்கா. வீட்டுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கதிரைக்கும் காவல் வைக்கிறதா?"

"வாசல் ஒண்டெண்டால் சரி. நாளைக்கு நீயே இன்னொரு வாசல் வெட்டுவாய்."

நஸீம் சேர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு கலண்டரைப் பார்த்தார். சோழகக் காற்று அடங்கி வலை இறங்குகிற காலம் கிட்டிக்கொண்டிருந்தது. இப்போதைக்குக் கெவின் சொன்னபடி செய்வோம் என்றார். எங்கள் ஒஃபீசில் இப்போதைக்கு என்றால் நிரந்தரத்துக்கும் என்று பொருள். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. களைத்துப் போயிருந்தேன். தினமும் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போய் நின்றுகொண்டு வருகிற ஆளுக்கு, பின்னேரம் ஆனால் எந்தச் சண்டையிலும் தோற்பதுதான் சுகம்.

இரண்டாவது வாசலைக் கெவின் அடுத்த மாதமே வெட்டினான். சங்கம்தான் கேட்டது. நாளைய முறைக்காரர் முதல்நாள் பொழுது சாய்வதற்குள் வருகிறேன் என்பதற்குத் தன் போனில் 'ஓம்' என்று அழுத்த வேண்டும்; அழுத்தாவிட்டால் ஆளுக்கு வர ஏலாது என்று எடுத்து, முறை தானாக அடுத்தவருக்குப் போக வேண்டும்; தொடர்ந்து தவறவிடுகிற வலை வரிசையிலிருந்தே விழ வேண்டும். சும்மா பெயரை வைத்துக்கொண்டு ஊரில் இல்லாமல் இருக்கிறவர்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. கெவின் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். அந்த வேலை தினமும் மாலையில் தானாக ஓடும். அதற்குத் திரை இல்லை, பட்டன் இல்லை, டிக் இல்லை. நேரே முறையிடம் போய்க் 'கை மாறு' என்று சொல்லும். முறையும் வாய் பேசாமல் மாறிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் ஜபார் காக்கா மவுத்தானார். எங்கள் வீட்டுக்குப் பின்வளவுக்காரர், வரிசையில் வலை உள்ளவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். காலையில் வலை இழுத்து மீன் விற்றுவிட்டு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. அவருடைய மனைவி அலீமா மாமி இத்தா இருக்கத் தொடங்கினார். மையத்து வீட்டுக்கு நானும் அம்மாவும் போய் வந்தோம். பிறகு எனக்கு ஒஃபீசில் வேறு வேலை தலைக்கு மேல் வந்து விழுந்தது. பின்வளவு வீட்டை நான் மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். விளக்கு எரிகிறதைப் பார்ப்பேன், போக வேண்டும் என்று நினைப்பேன், படுத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா, மாமி உன்னை வரச்சொன்னார், ஏதோ உங்கள் மெசின் விஷயமாம் என்றார். போனேன். மாமி வெள்ளை உடுத்து, உள்ளறைக் கட்டிலில் இருந்தார். மெலிந்திருந்தார். தேத்தண்ணி தந்து, அம்மாவின் சுகம் கேட்டு, எல்லா மரியாதையும் முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"எங்கட வலைய வரிசையிலிருந்து எடுத்துட்டாங்களாம் மகள். ஆரு எடுத்ததெண்டு கேட்டா, மெசின் எடுத்ததாம். மெசினுக்கு எங்களோட என்ன கோவம்?"

தேத்தண்ணியை நான் கீழே வைத்துவிட்டேன். நிரோசன் வந்து வெளிவாசலில் நின்று, மாமியின் தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போனானாம். நிரோசன் ஜபார் காக்காவின் வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து வருகிறவன். ஆட்களை வைத்து நடத்துகிறவனும் அவன்தான். வலை வரிசையில் இல்லை, முறை வருவதும் இல்லை, ஆட்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, அதனால் எல்லோருமாக அன்ரனிப்பிள்ளையின் வலைக்குப் போகிறோம், மாமி மனம் வருத்தப்படக் கூடாது என்றானாம். மாமி வருத்தப்பட்டாரா இல்லையா என்று யாரும் அவர் முகத்தைப் பார்க்கவும் ஏலாது. அதுவும் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

எங்கள் கரையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வலைதான் அந்த வீட்டின் சோறு. மாமிக்கு ஆண்பிள்ளைகள் இல்லை. வலைக்குப் பங்கு வரும், இழுக்கிற ஆட்களுக்குப் பங்கு வரும். வலை கடலுக்குப் போகும்வரை அவர் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் வரிசையில் இடம் போனால் ஆட்கள் போவார்கள். ஆட்கள் போனால் வலை கரையிலிருக்கிற வாடிக் கொட்டிலுக்குள்ளேயே கிடந்து உக்கும். இத்தா முடிந்து அவர் வெளியே வந்து கேட்கும்போது, மற்ற வலைக்காரர் எல்லோரும் சம்மதித்தால்தான் மறுபடியும் இடம். தங்கள் முறை பிந்துவதற்கு யார் சம்மதிப்பார்கள்?

ஜபார் காக்காவின் போன் எங்கே என்று கேட்டேன். அலுமாரிக்குள், அவர் சாரத்துக்குள் சுற்றி வைத்திருக்கிறேன், அன்றைக்கே ஓஃப் பண்ணிவிட்டேன் என்றார். வேறென்ன செய்வார். அந்தப் போனில்தான் 'ஓம்' அழுத்த வேண்டும். செத்த மனுசர் எழும்பி வந்து அழுத்தவில்லை என்று எங்கள் புரோகிராம் அவரை வரிசையிலிருந்து தள்ளியிருக்கிறது. போனை எடுத்துச் சார்ஜ் போட்டு வையுங்கோ மாமி, நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. பின்வளவில் இருக்கிற வீடு.

நேரே சங்கச் செயலாளர் மஸாஹிரிடம் போனேன். அவர் தன் கடை வாசலில் இருந்தார். துக்கம் என்று டிக் போட்டீர்களா என்று கேட்டதற்கு, மையத்து அடக்கி வந்த அன்றைக்கே போட்டேன் என்றார். பட்டன் சாம்பல் நிறமாகப் போனதைக் கண்ணால் பார்த்தாராம். அதற்குப் பிறகு முறை கை மாறினதைப் பார்க்கவில்லையா என்றேன். பார்த்தாராம். துக்க வீட்டுக்கு வேறு ஏதோ ஏற்பாடு நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தாராம். பட்டன் செத்துக் கிடக்கும்போது முறை எப்படிப் போகும், அப்படிப் போகிறதென்றால் விஷயம் தெரிந்த யாரோதான் அனுப்பியிருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

அங்கிருந்து அன்ரனிப்பிள்ளை வீட்டுக்கு. அவர் என் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. வரிசையில் ஜபார் காக்காவுக்கு அடுத்த ஆள். முறை போய்ச் சேர்ந்தது அவரிடம்தான். கோயிலில் பெரிய பொறுப்புக்காரர், பொய் சொல்லாத மனுசர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"உங்களுக்குத் தெரியுந்தானே சித்தப்பா, அது துக்க வீடெண்டு?"

"தெரியும்."

"பிறகு எப்பிடி வலையப் போட்டீங்க?"

"போன்ல என்ட முறை எண்டு வந்தது பிள்ள. எனக்கு முதல் யாரோ பார்த்திருப்பாங்க எண்டு நினைச்சிட்டன்."

நிரோசனைக் கேட்டால், சித்தப்பாவே வலையைப் போடும்போது நாங்கள் என்ன சொல்வது, பெரியவர்கள் பேசி முடித்திருப்பார்கள் என்று நினைத்தோம் என்பான். அவனிடம் நான் போகவில்லை. கால் வலித்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அந்தக் கரையில் இந்த விதி தெரியாத ஒரு ஆள் இல்லை. போன வருஷம் வரைக்கும் அதைக் காக்கிறதற்கு வாசலும் காவலும் இருக்கவில்லை. ஒவ்வொருவருக்குள்ளும் அது இருந்தது. அடுத்த முறைக்காரர் தானாகவே வலையைத் தொட மாட்டார். நாங்கள் போய் அதை வாங்கி ஒரு பட்டனுக்குள் வைத்தோம். அதுதான் பட்டனில் இருக்கிறதே என்று எல்லோரும் தங்களிடம் இருந்ததை இறக்கி வைத்துவிட்டார்கள். பிறகு கெவின் பட்டன் இல்லாத வழியால் உள்ளே போனான். இப்போது அந்த விதி ஒருவரிடமும் இல்லை.

திங்கட்கிழமை ஒஃபீசில் கெவினிடம் காட்டினேன். அவன் திரையைப் பார்த்தான், இரண்டு தரம் மேலும் கீழும் போனான், பிறகு முகம் செத்துப்போனது. அந்த மாலை வேலையை எழுதும்போது, முறை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தானாம்.

"தானே பார்க்கத் தேவையில்ல எண்டு சொன்னது நீதானே கெவின்?"

"ஓம் அக்கா." சிரிக்காமல் அவன் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நஸீம் சேர் வழமைபோல் குறுக்கு வழி சொன்னார். மாலை வேலையிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள், துக்கமா என்று பார்க்கட்டும், முடிந்தது கதை என்றார். நான் குரலை உயர்த்தினேன். எங்கள் ஒஃபீசில் நான் குரலை உயர்த்துவது ஏசி வேலை செய்கிற மாதிரி ஒரு விஷயம். நாளைக்கு மூன்றாவது வாசல் வரும், நாளை மறுநாளைக்கு நாலாவது; ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரியை ஒட்டிக்கொண்டு திரிய ஏலாது; ஒன்றில் மறப்போம், அந்த ஒன்றால் இன்னொரு வீடு தெருவுக்கு வரும் என்றேன். திரையில் இருக்கிற சரிபார்ப்பு செயலாளருக்குக் காட்டுகிற மரியாதை. அது இருக்கட்டும், பிழையாக அழுத்தாமல் காப்பாற்றும். ஆனால் எந்த நாளும் பொய்க்கக் கூடாத விதி முறைக்குள்ளேயே இருக்க வேண்டும். சேர் என்னை அதிசயமாகப் பார்த்தார். சரி, உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். "ஒப்ஜெக்டுக்குள்ள வைக்கிறது உங்களுக்கு அவ்வளவு விருப்பமெண்டால் இதையும் வைங்க," என்று இன்னொன்றைத் தந்தார். செத்தவரின் பெயரில் வலை இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கிற ஆளின் பெயரில்தான் வலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேமிக்கவே விடக் கூடாது. நியாயமான விதிதான். இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்றும் சொன்னார். இந்தக் கிழமைக்குள் செய்கிறேன் என்று தலையாட்டினேன்.

முதல் விதியை அன்றைக்கே முறைக்குள் வைத்தேன். துக்க வீட்டு முறைக்கு 'ஓம்' என்று அழுத்தவும் தேவையில்லை. யார் சொன்னாலும் அது நகராது. சொல்லிப் பார்க்கிறவருக்கு, "துக்க வீட்டு முறை. கை மாறாது" என்று மட்டும் பதில் வரும். ஜபார் காக்காவின் வலையை வரிசையில் பழைய இடத்தில் வைத்தேன். சங்கத்தார் எல்லோருடைய போனுக்கும் செய்தி போனது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எடுத்தபோதும் கேட்கவில்லை, திருப்பி வைத்தபோதும் கேட்கவில்லை. மெசின் சொன்னால் சரி. எனக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை.

முறை வந்த நாள் நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு நின்றேன். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே கரையில் சத்தம் கேட்டது. லெப்டொப்பை எடுத்துக்கொண்டு போனேன். கரைக்குக் கிட்டவே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. நெத்தலிக் கூட்டம். அந்தப் பருவத்தில் அவ்வளவு பெரிய கூட்டம் அதுவரை வரவில்லை. அன்ரனிப்பிள்ளைச் சித்தப்பாவின் படகு வலை ஏற்றி, தள்ளுகிறதற்குத் தயாராக நின்றது. நிரோசனும் ஜபார் காக்காவின் பழைய ஆட்களும் அதைச் சுற்றி நின்றார்கள். ஜபார் காக்காவின் வலை தூரத்தில் வாடிக்குள் சுருட்டியபடி கிடந்தது. அதைத் தொட ஆளில்லை.

மஸாஹிர் போனைக் குத்திக்கொண்டிருந்தார். வலைக்கு ஆட்கள் இல்லை, அதனால் முறையை அடுத்தவருக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறார். மாறவில்லை. திரும்பத் திரும்ப அதே பதில். கரையிலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்பு யாரையும் பார்க்காதவர்கள், இப்போது ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நஸீம் சேர் எனக்குப் போன் போட்டார். மஸாஹிர் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். "மெரினா, சனம் கத்துது. விதியத் தாண்ட ஒரு அட்மின் வழி வைங்க. இண்டைக்கு மட்டும்."

"இண்டைக்கு மட்டும் வைக்கிற வழி நாளைக்கும் இருக்கும் சேர்."

மீன் போனால் அந்தப் பழி கம்பனிக்குத்தான் வரும், சங்கம் நம்மை விட்டுப் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. கெவினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரே ஒரு வரிதான் அக்கா, வேண்டுமென்றால் நான் போடுகிறேன் என்று. தெரியும், அதுதான் பயம், நீ கை வைக்காதே என்று பதில் போட்டேன். அந்த வரியை நானே போடலாம். போட்டுவிட்டு, பின்னேரம் எடுத்துவிடுகிறேன் என்று எனக்கே ஒரு பொய் சொல்லலாம். அவ்வளவு களைப்பாக இருந்தது. யாராவது வந்து என் கையிலிருந்து லெப்டொப்பை வாங்கிக்கொண்டு போனால் நல்லது என்று மனதார நினைத்தேன்.

சித்தப்பா மணலில் நடந்து என்னிடம் வந்தார்.

"பிள்ள, உன்னால ஏலாதா, இல்லாட்டி செய்ய மாட்டியா?"

"ஏலும் சித்தப்பா. செய்ய மாட்டன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். கறுப்பு கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தது. ஆரம்பத்திலேயே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்ற கோபம் எனக்கு அப்போதும் இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பித் தன் படகை நோக்கிக் கூப்பிட்டார். "நிரோசன், நீ இண்டைக்கு என்ட ஆள் இல்ல. ஆக்களக் கூட்டிக்கொண்டு போய் ஜபார்ட வலைய எடு."

நிரோசன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். சித்தப்பா தன் வலையைத் தன் படகிலிருந்து இறக்கச் சொன்னார், ஏற்றினவர்களே முணுமுணுத்துக்கொண்டு இறக்கினார்கள். வாடியிலிருந்து வந்த வலையைத் தோளில் சுமந்து கொண்டுவந்து அதே படகில் ஏற்றினார்கள். படகு போய் வளைத்து வந்தது. கயிறு கரைக்கு வந்ததும் முதல் ஆளாகச் சித்தப்பா பிடித்தார். அவர் பிடித்த பிறகு பிடிக்காமல் நிற்க யாருக்கு முகம் இருக்கிறது? மஸாஹிரும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தார். இதெல்லாவற்றிலும் பாதிக் கூட்டம் போய்விட்டது. வலையின் அடிப்பையான மடியில் வந்தது ஒரு நல்ல நாளின் மீன்தான், அதிசயமான நாளின் மீன் இல்லை. அதற்கும் எனக்குத் திட்டு விழுந்தது.

மடி கரையேறியதும் நான் பின்வளவு வீட்டுக்குப் போனேன். சொல்வதற்கு முதலே மாமிக்குத் தெரிந்திருந்தது. கயிறிழுக்கிற சத்தம் அந்த அறைக்குக் கேட்கும். உங்கள் வலைதான் மாமி என்றேன். யார் இழுத்தார்கள் என்று கேட்டார். எல்லோரும் என்றேன். அன்ரனிப்பிள்ளையுமா என்றார். முதல் ஆளே அவர்தான் என்றேன். மாமி கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஓதினார். அதற்குப் பிறகு தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நேத்துப் பின்னேரம் இது அடிச்சிச்சு மகள். எனக்கு நெஞ்சே நிண்டு போச்சு. தங்கச்சிதான் வாசிச்சிக் காட்டினா."

போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் புரோகிராம் எல்லோருக்கும் அனுப்புகிற சாதாரணச் செய்தி. நான்தான் அந்த வசனத்தை எழுதினேன். 'ஜபார், நாளை உங்கள் முறை. துக்க வீட்டு முறை, கை மாறாது.'

"அவரப் பேர் சொல்லிக் கூப்பிட இப்ப ஆரும் இல்ல," என்றார் மாமி. "எல்லாரும் மையத்து, மவுத்தானவர் எண்டுதான் சொல்றாங்க. இது மட்டுந்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டிச்சு. அடுத்த முறைக்கும் கூப்பிடுமா?"

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். கூப்பிடும் மாமி என்றேன்.

வீட்டுக்கு வந்து லெப்டொப்பைத் திறந்தேன். நஸீம் சேருக்கு இந்தக் கிழமைக்குள் என்று தலையாட்டிய வேலை, செத்தவரின் பெயரில் வலை இருக்கக் கூடாது என்கிற விதி, அங்கே காத்துக்கொண்டிருந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வலைக்குள்ளே, முதல் வரியிலேயே. பத்து நிமிஷ வேலை; அதற்குப் பிறகு அந்தச் செய்தியில் ஜபார் என்று வராது. நான் அதை எங்கேயும் வைக்கவில்லை. சேர் இன்னும் கேட்கவில்லை. இத்தா முடியும்வரை கேட்காமல் இருந்தால் நல்லது.